மூச்சுமுட்டியின் மூன்றாவது வளைவு

ஜனவரி 19

இந்தப் பதிவேட்டில் குழந்தையின் பெயர், வயது, எடை என்று மூன்று கட்டம் அச்சடித்திருக்கிறது. அங்கன்வாடிக்கு வந்தது. இப்போது எடையெல்லாம் கைபேசியில் ஏற்றுவதால் அலமாரியில் சும்மா கிடந்தது. இன்றிலிருந்து இதில் நான் எழுதப்போகிறேன். குழந்தையின் பெயர்: குணவதி. வயது: நாற்பத்தொன்று. எடை: அது எதற்கு இப்போது?

எழுத உட்கார்ந்த காரணம் இதுதான். அடுத்த மாதம் பதினெட்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, கோயம்புத்தூரிலிருந்து ஒரு சைக்கிள் குழு எங்கள் கன்னிமார் ஏரியைச் சுற்ற வருகிறது. முப்பது பேர். சத்தமில்லாத மலைச்சாலைகளாகத் தேடித் தேடிப் போய் ஓட்டுகிறவர்களாம். ஏரியைச் சுற்றி இருபத்தேழு கிலோமீட்டர் தார்ச்சாலை. பைன் காடு, மதகு, சோலைக்காடு, கேரட் தோட்டம். நாள் முழுக்க ஒரு பஸ், நாலு ஜீப், ஒரு பால் வண்டி. இதைவிட அமைதி வேண்டுமென்றால் ஆகாயத்தில்தான் ஓட்ட வேண்டும்.

முன்னால் ஓட்டிக்கொண்டு போக உள்ளூர் ஆள் ஒருவர் வேண்டுமாம். பிடித்துவிட்டால் மாதம் ஒருமுறை வருவார்கள், அந்த ஆளே நிரந்தர வழிகாட்டி. இரண்டரை மணி நேரத்தில், நடுவில் எங்கும் கால் ஊன்றாமல் சுற்றி முடிக்க வேண்டும். சாலை ஒடுக்கம். முன்னால் போகிறவர் நின்றால் பின்னால் வரும் முப்பது பேரும் ஒருவர் மேல் ஒருவர் விழுவார்கள். ஊரில் ஆள் கிடைக்காவிட்டால் அவர்களே வெளியூரிலிருந்து ஒருவரைக் கூட்டி வந்துவிடுவார்கள்.

பஞ்சாயத்து அலுவலகத்தில் இதை வாசித்து முடிப்பதற்குள் நான் கை தூக்கிவிட்டேன். எல்லோரும் சிரித்தார்கள். அதிகமாகச் சிரித்தது என் வீட்டுக்காரர் பரமன்தான். ஜீப்பில் காய்கறி ஏற்றுகிறவர். வண்டி ஓட்டத் தெரிந்தவர் என்ற மிதப்பு.

"சைக்கிள் கத்துக்கிட்டு முழுசா ஒரு வருசம் ஆகல. நீ ஊருக்கு வழிகாட்டியா?"

ஒன்பது வயதிலிருந்து எனக்கு சைக்கிள் ஆசை. நான் படித்து முடித்த பிறகுதான் பள்ளிக்கூடத்துப் பெண்களுக்கு அரசு சைக்கிள் கொடுக்க ஆரம்பித்தது. மகளுக்குக் கிடைத்தது. அவள் நர்சிங் படிக்கத் திண்டுக்கல் போன பிறகு, கொட்டகையில் நின்ற அந்த சைக்கிளை எடுத்து நானே விழுந்து எழுந்து கற்றுக்கொண்டேன். இந்த வேலை எனக்கு வேண்டும். வேண்டும் என்று இங்கே தைரியமாக எழுதிவைக்கிறேன்.

ஜனவரி 21

குழுவின் தலைவர் திலீபன் தொலைபேசியில் பேசினார். சின்ன வயதுக் குரல், வாய்க்கு வாய் அக்கா. "மேடெல்லாம் எப்படிங்க்கா இருக்கும்? உங்களுக்குச் சிரமமில்லீங்களே?" என்று கேட்டார். நானும் ஏதோ சொன்னேன். நல்ல மனிதர்.

ஜனவரி 23

எங்கள் ஊர் வழக்கம் ஒன்றை அவரிடம் சொல்ல மறந்துவிட்டேன். அவருக்கு எப்படித் தெரியும்?

ஊர் முகப்பில் ஏரிக்கரையில் ஏழு கன்னிமார் இருக்கிறார்கள். ஏழு கல். ஏரி அவர்களுடையது, அதைச் சுற்றுவது அவர்களைச் சுற்றுவது. அதனால் இந்தச் சாலையில் எல்லாமே வலம்தான். கும்பிடப் போகிறவர் மட்டுமில்லை, பஸ், ஜீப், பால் வண்டி, சந்தைக் கழுதை வரைக்கும் வலம். அங்கன்வாடியில் என் உதவியாளர் லூர்துமேரி அக்கா இருக்கும் காலனி ஊரிலிருந்து இடப்பக்கம் இரண்டே கிலோமீட்டர். பஸ்ஸில் போனால் இருபத்தைந்து கிலோமீட்டர் சுற்றி இறங்க வேண்டும். அவர் போக வர வரப்பு வழியாக நடந்துவிடுகிறார். "நீங்கதான் மாதா கோயிலுக்குப் போறீங்களே, ரோட்டுலயே போனா என்ன?" என்று ஒருமுறை கேட்டேன். "மாதா கோவிச்சுக்க மாட்டா டீச்சர். ஊர்க்காரன் கோவிச்சுக்குவான்" என்றார்.

இதில் ஒரு வசதி, எதிரில் வண்டியே வராது. எங்கள் ஓட்டுநர்கள் வளைவில் ஹாரன் அடிப்பதில்லை. என் வீட்டுக்காரர் ஜீப்பில் ஹாரன் செத்து ஆறு வருடம்.

இடமாகப் போவது இறந்தவர்கள் மட்டும்தான். மயானம் இடப்பக்கம் ஐந்தாவது கிலோமீட்டரில் இருக்கிறது. ஆண்கள் தூக்கிக்கொண்டு இடமாகப் போவார்கள். பெண்கள் கன்னிமார் கல்லோடு நின்றுவிட வேண்டும். போன வருடம் அம்மாவை அனுப்பியபோது நானும் அங்கேதான் நின்றேன்.

சரி, சைக்கிளைப் பற்றி எழுத வந்தவள் எங்கேயோ போய்விட்டேன்.

ஜனவரி 25

முதல் முழுச் சுற்று! மகளின் கியர் இல்லாத சைக்கிளில் மூன்று மணி இருபது நிமிடம். மதகு தாண்டும்போது பனி ஏரி மேல் புகைந்துகொண்டிருந்தது. சோலைக்காட்டுக்குள் நான் மிதிக்கிற சத்தம் எனக்கே கேட்டது. ஒரு கேளையாடு, ஆடு இல்லை, சின்ன மான், சாலையில் நின்று, யாருடா இவள் என்பது போலப் பார்த்துவிட்டுப் போனது. சந்தோஷத்தில் வாய்விட்டுக் கத்தினேன், யார் கேட்கப்போகிறார்கள்.

பத்தொன்பதாவது கிலோமீட்டரில் மூச்சுமுட்டி மேடு. இரண்டு கிலோமீட்டருக்கு நெட்டுக்குத்தாக நாலு வளைவு. மூன்றாவது வளைவில் மேலேயிருந்து மண்ணும் சரளையும் சரிந்து சாலையை மூடிக் கிடக்கிறது. ஆனாலும் நான் இறங்கவில்லை. மூச்சு வாங்கியது, அவ்வளவுதான். இவரிடமும் சொன்னேன், பஞ்சாயத்திலும் சொன்னேன், லூர்து அக்காவிடமும் சொன்னேன்.

வலது செருப்பின் முன்பக்கம் தேய்ந்துவிட்டது. புதுச் செருப்பு. ஏனென்று தெரியவில்லை.

ஜனவரி 28

கியர் சைக்கிள் வந்துவிட்டது! குழுவிலிருந்து பால் வண்டியில் ஏற்றி அனுப்பியிருக்கிறார்கள். சீட்டு வாழைக்காய் அளவுதான் இருக்கிறது. உட்கார்ந்ததும் உயிர் போனது. ஆனால் கியரை மாற்றினால் டக்கென்று ஒரு சத்தம், கால் லேசாகிவிடுகிறது. முற்றத்திலேயே பதினைந்து முறை மாற்றினேன். "பொம்மை கெடச்ச பிள்ளை மாதிரி" என்றார் இவர். அப்படித்தான், என்ன இப்போ?

கூடவே வழி வரைபடம் ஒன்றும் வந்திருக்கிறது. அம்புக்குறியெல்லாம் இடமாகப் போட்டிருக்கிறார் திலீபன். எனக்குத் திக்கென்றது. யாரிடமும் காட்டாமல் பதிவேட்டுக்குள் வைத்துவிட்டேன்.

ஜனவரி 30

முட்டை நாள். பதினெட்டுப் பிள்ளைகளுக்கும் உரித்துக் கொடுத்தே கை ஓய்ந்துவிட்டது. சைக்கிள் எடுக்கவில்லை.

பிப்ரவரி 2

இரண்டு மணி ஐம்பது நிமிடம்! இறங்கவில்லை.

மூன்றாவது வளைவில் சரளையைக் காணோம். யாரோ துடைத்துவிட்டது போலச் சுத்தமாக இருக்கிறது. கன்னிமார் கருணை, வேறென்ன. வாசல் கூட்டுகிற விளக்குமாற்றையும் நாலு நாளாகக் காணோம், அதைக் கண்டுபிடிக்கக் கன்னிமாருக்கு நேரமில்லை போலிருக்கிறது.

இவர் உள்ளங்கையில் கொப்புளம். கேட்டால் ஸ்டியரிங் பிடித்தது என்கிறார். இருபது வருடமாகப் பிடிக்கிற ஸ்டியரிங்கிலா இப்போது கொப்புளம்?

பிப்ரவரி 5

எழுதலாமா வேண்டாமா என்று பேனாவைக் கடித்துக்கொண்டிருக்கிறேன். எழுதிவிடுகிறேன். இன்று விடிந்ததும் இடமாகப் போனேன்.

வழி பார்க்கத்தான். வரைபடம் அப்படிச் சொல்லும்போது வழிகாட்டி பார்த்துவைக்க வேண்டாமா? ஐந்து கிலோமீட்டர் போய்விட்டுத் திரும்பிவிட்டேன்.

நாற்பத்தொரு வருடமாக இந்த ஊரில் இருக்கிறேன், இந்தச் சாலையை இந்தத் திசையில் பார்த்ததே இல்லை! வலமாகப் போனால் நமக்குப் பக்கத்தில் மலைச்சரிவு, ஏரி சாலைக்கு அந்தப் பக்கம். இடமாகப் போனால் ஏரி கைக்கெட்டும் தூரத்தில் கூடவே வருகிறது. தண்ணீருக்கு மேல் வெயில் இறங்குவது நேர் எதிரே தெரிகிறது. பழகிய மரமெல்லாம் முகத்தைத் திருப்பி என்னைப் பார்ப்பது போல இருந்தது. வேறு ஊருக்கே வந்துவிட்ட மாதிரி.

போக வரப் பத்து கிலோமீட்டருக்கு ஒன்றே முக்கால் மணி நேரம் ஆகிவிட்டது. அங்கன்வாடிக்குத் தாமதம். லூர்து அக்கா என் சேலை முந்தானையைப் பார்த்துவிட்டு, "செம்மண்ணு ஒட்டியிருக்கே டீச்சர். உக்காந்து எந்திரிச்சீங்களா?" என்றார். சங்கிலி கழன்றது என்றேன்.

பிப்ரவரி 6

இன்றும் போனேன். ஐந்து கிலோமீட்டர்தான். செவ்வந்தி நாலு பறித்துக்கொண்டு போனேன், சைக்கிள் கூடையில் அழகாக இருக்கட்டும் என்று. கியர் சைக்கிளுக்குக் கூடை கிடையாது என்பது பிறகுதான் நினைவு வந்தது.

பிப்ரவரி 8

முழங்கை எரிகிறது, ஆனால் இன்றே எழுதியாக வேண்டும்.

இன்று முழுச் சுற்றும் இடமாகப் போய்ப் பார்த்துவிடலாம் என்று ஆறு மணிக்குக் கிளம்பினேன். மயானம் தாண்டியதும் மூச்சுமுட்டி இறக்கமாக வருகிறது. மிதிக்கவே வேண்டாம்! காற்று காதில் ஊதுகிறது, கண்ணில் நீர் வருகிறது, சேலை படபடக்கிறது. நான் ஒன்பது வயதுப் பெண்ணாகிவிட்டேன். இவர் ஜீப் கேரட் ஏற்றிக்கொண்டு இந்த மேட்டில் ஏற ஏழு மணியாகும், அதற்குள் தாண்டிவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

கணக்கு தப்பு. வளைவைத் திரும்பினால் நடுச்சாலையில் ஜீப் நிற்கிறது. இரண்டு பிரேக்கையும் பிடித்தேன். சைக்கிள் ஒரு பக்கம், நான் பெரணிப் புதருக்குள் ஒரு பக்கம். புதர் மட்டும் இல்லாவிட்டால் என்னையும் இடமாகவே தூக்கிக்கொண்டு போயிருப்பார்கள்.

எழுந்து பார்த்தால் இவர். ஒரு கையில் மண்வெட்டி, இன்னொரு கையில் எங்கள் வீட்டு விளக்குமாறு.

முதலில் என்னைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார். எலும்பெல்லாம் இருக்கிறது என்று தெரிந்ததும்தான் கத்தினார். "கிறுக்கியா நீ? இந்தப் பக்கமா எவளாச்சும் வருவாளா?"

"நீங்க என்ன நடு ரோட்டுல விளக்குமாறோட?"

இவர் விளக்குமாற்றைப் பின்னால் மறைத்தார். அந்தச் சமயத்தில் அதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"சரளை சறுக்குமேன்னு அள்ளிப் போட்டேன். மண்ணு தெனமும் சரிஞ்சுக்கிட்டேதான் இருக்கு. அப்புறம்..." கொஞ்சம் இழுத்தார். "நீ போன மறுநாள் பாத்தா, இந்த வளைவுல ஒன் செருப்புத் தடம் கெடக்கு. இங்கேருந்து அந்தப் பாறை வரைக்கும். எறங்கவே இல்லன்னு ஊர் பூரா சொல்லி வச்சிருக்க. மத்த ஜீப்புக்காரனுக பாத்தா சிரிப்பானுகள்ல? அதான் விடிய முன்னால வந்து கூட்டி விட்டுட்டுப் போறேன்."

அந்த நேரம் பார்த்துப் பால் வண்டி பின்னால் வந்து நின்றது. ஓட்டுநர் சைக்கிளின் முகம் எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. அவர் ஒன்றும் சொல்லாவிட்டால் மதியத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிடும்.

இவர் சைக்கிளைத் தூக்கிக் கேரட் மூட்டை மேல் போட்டு, என்னை முன்னால் உட்கார வைத்து வீட்டுக்கு ஓட்டிவந்தார்.

பிப்ரவரி 9

25ஆம் தேதியும் 2ஆம் தேதியும் எழுதியது பொய். மூன்றாவது வளைவில் இறங்கித் தள்ளிக்கொண்டுதான் போனேன். திலீபனிடம் "ஏதோ சொன்னேன்" என்று எழுதியதும் மழுப்பல். "அந்த ஒரு மேடு மட்டும் எனக்குக் கஷ்டம் தம்பி" என்று சொன்னேன்.

5ஆம் தேதி சங்கிலி கழலவில்லை. அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மேட்டின் மேல் ஒரு அத்திமரத்தடியில் வைத்திருக்கிறார்கள். ஏரி முழுக்கத் தெரிகிற இடம். யாரும் எனக்கு அதைச் சொல்லவே இல்லை.

பிப்ரவரி 10

கன்னிமார் கோயிலில் கூட்டம். சடையாண்டிப் பூசாரி கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தார்.

"உசுரோட இருக்கிற பொம்பள இடம் போயிருக்கு. இனி சைக்கிளும் வேணாம், கோயம்புத்தூர்க்காரனும் வேணாம்."

என் வாய் சும்மா இருக்குமா? எழுந்துவிட்டேன்.

"சாமி, ரெண்டு நாளு இடமாப் போனேன், உண்மைதான். அதே வழியாத் திரும்பி வந்தேனே, அது வலம்தானே? போனதுக்கு வந்தது சரியாப் போச்சு."

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பூசாரி ஒரு கண்ணைத் திறந்தார்.

"மூணாவது நாளு?"

"அன்னைக்கும் ஜீப்புல வலமாத்தான வந்தேன்?"

"அது ஜீப்பு வந்த வலம் தாயி. ஜீப்புக் கணக்குல போயிரும். நீ சைக்கிள்ல போனது சைக்கிள்லதான் கழியணும். முழுசா ஒரு சுத்து பாக்கி நிக்கிது. கால் மண்ணுல படாம வரணும். பட்டுச்சுன்னா அது நடை, செல்லாது."

"வந்துட்டா?"

"வந்துட்டா மாசா மாசம் வரட்டும், எல்லாரும் வலமா. வரலேன்னா அன்னைக்கோட சரி, ஒருத்தனும் ஏரிப்பக்கம் சைக்கிள் கொண்டாரக்கூடாது."

பதினெட்டாம் தேதி என்று முடிவானது. குழுவின் நிபந்தனையும் கன்னிமாரின் நிபந்தனையும் ஒன்றாகிவிட்டது. பயமாக இருக்கிறது. குதிக்க வேண்டும் போலவும் இருக்கிறது!

பிப்ரவரி 12

திலீபனிடம் எல்லாம் சொன்னேன். மனிதர் பதறிவிட்டார். "உங்களுக்காகத்தானுங்க்கா திருப்பிப் போட்டேன். மேடு கஷ்டம்னீங்க, அதை இறக்கமாக்கிட்டா சுலபமா இருக்கும்னு."

ஆக, இத்தனை கூத்துக்கும் பிள்ளையார் சுழி போட்டது என் வாய்தான்.

"அப்ப உங்க ஆளுங்களுக்கு மேடு பரவாயில்லையா தம்பி?"

"மேட்டுக்காகத்தானுங்க்கா நாங்க மலைக்கே வர்றோம்!" கல்யாணச் சாப்பாட்டுக்குக் கூப்பிட்ட மாதிரி அப்படி ஒரு சந்தோஷம் குரலில். பிறகு ஒரு வித்தை சொல்லிக்கொடுத்தார். மேடு தொடங்கும் முன்பே கியரைக் குறைத்துவிட வேண்டும், உச்சியைப் பார்க்கக் கூடாது, முன் சக்கரத்துக்கு ஆறு அடி முன்னால் மட்டும் பார்க்க வேண்டும்.

பிப்ரவரி 14

இரண்டு மணி முப்பத்தைந்து நிமிடம். மூன்றாவது வளைவில் இறங்கினேன். பாறைக்கு ஏழு அடி முன்னால்.

பிப்ரவரி 16

இறங்கினேன். பாறைக்கு இரண்டு அடி முன்னால். உண்மையை எழுதினால் தூக்கம் நன்றாக வருகிறது.

பிப்ரவரி 17

லூர்து அக்கா வேளாங்கண்ணி எண்ணெய் கொண்டுவந்து என் இரண்டு முழங்காலிலும் தேய்த்துவிட்டார். கன்னிமாருக்கு நான் ஏழு எலுமிச்சம்பழம் வைத்தேன். ஒரு பக்கமும் விடவில்லை.

இவர் ஜீப்பைக் கொண்டுபோய் ஹாரன் மாட்டிவந்திருக்கிறார். எதற்கு என்றேன். "இனிமே எந்தப் பக்கம் எவ வருவான்னு யாருக்குத் தெரியும்?" என்கிறார்.

பிப்ரவரி 18

ஏழு மணிக்குக் கன்னிமார் முன்னால் முப்பது பேர் வரிசையாக நின்றார்கள். கிளிப்பச்சை, மஞ்சள், ஆரஞ்சு என்று கண்ணைப் பறிக்கிற உடைகள். நான் மகளின் பழைய சுடிதாரில். பூசாரி தேங்காய் உடைத்தார். பின்னால் இவர் ஜீப், யாருக்காவது முடியாமல்போனால் ஏற்றிக்கொள்ள.

கிளம்பினோம். முப்பது சைக்கிள் பின்னால் வந்தும் சத்தமே இல்லை, சக்கரம் சுற்றுகிற ஒரு சின்ன இரைச்சல் மட்டும். பைன் காட்டில் யாரோ ஒரு பெண் "அய்யோ என்ன ஒரு வாசம்" என்றாள். மதகில் ஏரி கண்ணாடியாகக் கிடந்தது. இது என் ஊர், நான் காட்டுகிறேன் என்று நினைத்ததும் இன்னும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

பத்தொன்பதாவது கிலோமீட்டர். மூச்சுமுட்டி. கியரை முன்பே குறைத்தேன். முதல் வளைவு, இரண்டாவது வளைவு. பின்னால் பேச்சு நின்று மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டது. இளவட்டங்களுக்கும் மூச்சு முட்டுகிறது என்பதில் எனக்கு ஒரு ஆறுதல்.

மூன்றாவது வளைவில் தொடை இரண்டும் செத்துவிட்டன. சைக்கிள் தள்ளாடியது. வலது கால் தானாகவே மிதிகட்டையை விட்டு எழும்பியது. தரைக்கு அரை அடிதான் இருக்கும்.

அப்போது கீழேயிருந்து ஹாரன். ஒருமுறை இல்லை, விடாமல். பாம், பாம், பாம் என்று மலையே எதிரொலிக்க அடிக்கிறார் மனிதர். ஆறு வருடம் சேர்த்துவைத்ததையெல்லாம் அடிக்கிறார். எனக்கு ஆத்திரமும் சிரிப்பும் ஒன்றாக வந்தது. அந்த வேகத்தில் கால் மிதிகட்டைக்கே திரும்பிவிட்டது. ஆறு அடி முன்னால் பார்த்தேன். சாலை வெறும் கறுப்பாக, ஒரு சரளைக்கல் இல்லாமல் கிடந்தது. விளக்குமாறு இழுத்த கோடுகள் மட்டும் ஓரத்து மண்ணில் தெரிந்தன. அந்தக் கோடுகளைப் பார்த்துக்கொண்டே மிதித்தேன். பாறை வந்தது. பாறை போனது!

நாலாவது வளைவு எப்படி முடிந்தது என்று ஞாபகமில்லை. மேலே வந்ததும் அத்திமரம். நிற்கக் கூடாது அல்லவா, மணியை மட்டும் அடித்தேன். ஏனென்று தெரியாமலே பின்னால் வந்த முப்பது பேரும் அடித்தார்கள். முப்பத்தொரு மணி. அம்மாவுக்குக் கேட்டிருக்கும்.

கன்னிமார் கோயிலுக்கு வந்து சேர எடுத்தது இரண்டு மணி நேரம் இருபத்திரண்டு நிமிடம். கோயில் வாசலில் ஊரே நின்றது. திலீபன், "அடுத்த மாசம் எந்த ஞாயிறுங்க்கா? நீங்களே சொல்லுங்க" என்றார். வழிகாட்டியிடம்தானே கேட்க வேண்டும்!

பூசாரி மட்டும் அசையவில்லை. "கால் பட்டுச்சா?" என்று என்னிடம் கேட்கவில்லை. கடைசியாக வந்து நின்ற ஜீப்பைப் பார்த்துக் கேட்டார். "பரமா, நீதான பின்னாடியே வந்த. மூச்சுமுட்டில எறங்கித் தடம் கெடக்கான்னு பாத்தியா?"

"பாத்தேன் சாமி."

இவர் ஜீப்பின் பின்னாலிருந்து எங்கள் வீட்டு விளக்குமாற்றை எடுத்துவந்து, அத்தனை பேர் முன்னிலையில் என் கையில் கொடுத்தார்.

"இந்தா, இனிமே வாசலைக் கூட்டிக்க. அங்க கூட்டுறதுக்கு ஒண்ணும் இல்ல."